குடிலில் துளிர்த்த சிவப்புத் தடிகள்

யேசு மரி சூசை

நோர்பரி, லண்டன்
8 பெப்ரவரி 1994

அன்பு மகள் இசபெல்லுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டும் இடைக்கிடை சண்டை பிடித்துக்கொண்டும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் குளிருக்கு முறைப்பாடு சொல்கிறது, முழங்காலை விட அப்பா கூடச் சொல்கிறார். நீயும் அடிலெயிட் வெயிலில் வாடி வதங்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு நல்லபடி இருக்க மாதாவை மன்றாடிக்கொள்கிறேன். நீ அனுப்பிய படம் கிடைத்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாய், வடிவாய்த்தான் இருக்கிறாய், ஆனால் கழுத்தெலும்பு தெரிகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா அந்தப் படத்தைப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். போன கிழமை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பார்த்துவிட்டு நல்ல நர்ஸ் என்று சொல்ல, நர்ஸ் இல்லை பார்மசிஸ்ட் என்று விளங்கப்படுத்தப் போய், இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டு தோர்ன்டன் ஹீத் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

நத்தார் அன்று நீ ரெலிபோன் எடுத்தபோது கோயிலில் பாலன் யேசுவுக்குக் கட்டின குடிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், லைன் அறுந்துவிட்டது. அறுந்ததும் நல்லதுதான், அதற்குப் பிறகுதான் கதையே நடந்தது. முதலில் எங்கள் பின்வளவுச் சிவப்புத் தடி மரத்தைச் சொல்லவேண்டும். நீ வெளிக்கிட்ட வருடம், கோயிலில் பூச்சாடி வைக்கிற மிஸஸ் ஹாலம் தன் வீட்டு மரத்தின் வேரில் வெடித்த கன்று ஒன்றை ஈரக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாரே, நினைவிருக்கும். டொக்வுட் என்று பேர் சொன்னார். அப்பா அதே இடத்தில் நாய்மரம் என்று தமிழ்ப்படுத்திவிட்டார், இன்றைக்கும் அவருக்கு அது நாய்மரம்தான். நீ பார்த்துவிட்டு, அம்மா இது செத்த ஈர்க்கு, இதுக்குத் தண்ணி ஊத்திற நேரத்துக்கு ரெண்டு வடை சுடலாம் என்றாய். அந்த ஈர்க்குத்தான் பிள்ளை, போன கார்த்திகைக்கு என் தோளுக்கு மேல் நின்றது. ரோசா செத்த மூலை, கறிவேப்பிலை வைத்து வைத்துப் பட்டுப்போன மூலை, ரயில் பாதைக்குப் பக்கத்தில் சப்பாத்தைப் பிடித்து இழுக்கிற களிமண். அதில் இது வந்திருக்கிறது. இது இந்த நாட்டுப் புதர்தான், வேலியோரங்களிலும் சுண்ணாம்பு மேடுகளிலும் ஒருவரும் நடாமலே முளைப்பது என்று மிஸஸ் ஹாலம் சொன்னார். சொந்த மண்ணில் நிற்கிறதற்கு ஏன் பயம், தொண்ணூற்றொன்றில் அந்தப் பெரிய பனி கொட்டியபோது ரயிலே நின்றது, இது அசையவில்லை.

ஆனி மாதம் வெள்ளைப் பூக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், மணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கறுத்தப் பழம், அது குருவிக்கு. ஐப்பசியில் இலை கத்தரிக்காய் நிறத்துக்கு மாறும். ஆனால் இலை முழுக்கக் கொட்டின பிறகுதான் இதன் சீரைப் பார்க்கவேண்டும். ஊர் முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடக்கிற மார்கழியில் இந்தத் தடிகள் மட்டும் செக்கச்செவேலென்று நிற்கும், வெயில் படுகிற பக்கம் நல்ல சிவப்பு, நிழல் பக்கம் கொஞ்சம் பச்சை. விக்டோரியாவுக்குப் போகிற ரயிலில் இருக்கிற சனம் பேப்பரை மடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறது, குசினி யன்னலால் நான் கண்ணால் கண்டேன். முதல் இரண்டு வருடமும் வெட்ட மனமில்லாமல் விட்டேன், தடி மொத்தித்து நிறம் மங்கிவிட்டது. மிஸஸ் ஹாலம் வந்து பார்த்து, பங்குனி மாதத்தில் அடியில் ஒரு சாண் விட்டு முழுக்கத் தறி, நிறம் புதுத் தடியில்தான் வரும் என்றார். முருங்கையைத் தறித்துத் தறித்துக் காய் எடுத்த கை என்னுடையது, எனக்கு வெட்டப் பயமில்லை. ஆனாலும் வெள்ளைக்காரர் மரம் முருங்கை மாதிரிக் கேட்டு நடக்குமா என்று ஒரு யோசனை. அப்பா பார்க்கமாட்டேன் என்று உள்ளே போய் ரீவியைப் போட்டுக்கொண்டார். நான் தறித்தேன். அடுத்த மார்கழியில் வந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மனிசன் இதற்கு என்ன பெயின்ற் அடித்தீர்கள் என்று கேட்டான்.

போன கார்த்திகையில் மிஸஸ் ஹாலத்துக்கு இடுப்பில் ஒப்பரேஷன் செய்தார்கள், குனிய ஏலாது. கோயில் குடிலை எத்தனையோ வருடமாக அவர்தான் கட்டிவந்தார். பங்குச் சுவாமி ஒரு ஞாயிறு பூசை முடிய எங்களிடம் வந்து, இந்த முறை தமிழ்க் குடும்பங்கள் கட்டித் தருவீர்களா என்று கேட்டார். உனக்கு அது சின்ன விசயமாகத் தெரியலாம். நாங்கள் அந்தக் கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்து, பூசை முடியக் கதிரை அடுக்கி, மண்டபம் கூட்டி, வந்த வழியே போன சனம். பீடத்துக்குக் கிட்ட ஒன்றை உங்கள் கையால் செய்யுங்கள் என்று எங்களைக் கேட்டது அதுதான் முதல் தரம். மண்டபத்தில் கூட்டம் வைத்தோம், கூட்டம் என்றால் தெரியும்தானே. யாழ்ப்பாணத்து ஆட்கள் கிடுகு வேய்ந்த குடில் என்றார்கள், மன்னார் ஆட்கள் ஆட்டுப்பட்டி மாதிரி வேண்டும் என்றார்கள், கிடுகு இல்லாத குடிலில் பாலன் எப்பிடிப் படுக்கிறது என்று அருமைநாயகி அக்கா அழாத குறை. நோர்பரியில் தென்னை எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டதோடு கிடுகுப் பேச்சு நின்றது. அப்போது நான் எழும்பி, என்ர வளவிலை தடி நிக்குது, வேணுமெண்டால் வெட்டித் தாறன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர வீட்டுக்கு வந்து மரத்தைப் பார்த்ததும் கத்தியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன், வருடம் முழுக்கக் காத்திருந்து வருகிற நிறத்தை மார்கழி தொடங்கும்போதே வெட்டுவது என்றால் கொஞ்சமா. வெட்டினேன். அப்பா இரண்டு கட்டாகக் கட்டித் தோளில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனார்.

இனித்தான் அப்பாவின் கெட்டித்தனம். மிஸஸ் ஹாலம் தடிகளைப் பலகையில் கம்பியால் கட்டித்தான் நிறுத்துவாராம். அப்பா இளவாலையில் வேலி கட்டி வளர்ந்த மனிசர், தடி எண்டால் மண்ணிலைதான் நிக்க வேணும், பலகையிலை நிக்கிறதுக்கு அது என்ன சிலையோ என்று கேட்டுவிட்டு, வாழைப்பழப் பெட்டிகளுக்குள் பொலித்தீன் விரித்து எங்கள் வளவு மண்ணை நிரப்பி, கிளுவங்கதியால் நடுகிற மாதிரி தடிகளை ஆழ இறக்கி, காலால் மிதித்து, மண் இறுக வேண்டும் என்று தண்ணீரும் தெளித்தார். கிளுவைத் தடியை ஒடித்து நட்டால் வேலி, அந்த வேலியே பிறகு மரம், இது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தில், பூசைக்கு வருகிற ஒவ்வொருவரும் பூச்சாடியில் மிஞ்சின தண்ணீரை அந்தப் பெட்டிகளில் ஊற்றிவிட்டுப் போனார்கள். குடிலுக்குப் பின்சுவரோடு வெப்பக் குழாய் வேறு ஓடுகிறது. ஒருத்தர் மண்டையிலும் ஒன்றும் ஓடவில்லை.

நத்தார்ப் பூசைக்குக் கோயில் விளக்குகளை அணைத்து குடிலுக்குள் ஒரு சின்ன விளக்கை மட்டும் எரியவிட்டார்கள். பிள்ளை, நீ பார்த்திருக்க வேண்டும். அந்தச் சிவப்பு. பாலனுக்குப் பின்னால் தடி தடியாக நெருப்பு நிற்கிற மாதிரி. வெள்ளைக்காரச் சனம் வரிசையில் வந்து நின்று பார்த்தது, பின்வாங்கில் இருக்கிற எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மிஸஸ் ஹாலம் இரண்டு ஊன்றுகோலில் வந்து நெடுநேரம் நின்றுவிட்டு, இத்தனை வருடம் இந்த மரம் என் வளவில் நின்றும் எனக்கு இது தோன்றவில்லையே என்று என் கையைப் பிடித்தார். பெருமை பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்ததை நான் மறக்கவில்லை, ஆனால் அன்றைக்கு அந்தப் பாவத்தை வயிறு நிறையச் செய்தேன்.

எங்கள் சுவாமி பழைய முறைக்காரர், பெப்ரவரி இரண்டாம் திகதி மெழுகுதிரித் திருநாள் வரைக்கும் குடிலைக் கலைக்கமாட்டார். மூன்று இராசாக்கள் திருநாளுக்குப் பிறகு வந்த ஞாயிறு, அருமைநாயகி அக்கா குடிலுக்கு முன்னால் முழந்தாளில் நின்றவர் திடீரென்று புதுமை, புதுமை, ஆண்டவரின் அற்புதம் என்று கத்தினார். சூசையப்பர் சுரூபத்துக்குப் பின்னால் நின்ற தடியில் பச்சையாக இரண்டு துளிர். மாதாவுக்கு மணவாளன் இவர்தான் என்று காட்டச் சூசையப்பர் கையில் கோல் பூத்ததென்று எல்லோரும் கேட்டு வளர்ந்த கதைதானே. அடுத்த கிழமை இலையே விரிந்துவிட்டது. சனம் வரத் தொடங்கியது, ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தும் ரெய்னர்ஸ் லேனில் இருந்தும் ரயில் மாறி மாறி வந்து, வைக்கோலுக்குக் கிட்ட மெழுகுதிரி கொளுத்தி, அந்த மண்ணை விபூதி மாதிரிக் கடதாசியில் மடித்துக்கொண்டு போனார்கள். என்னையும் விடவில்லை, உங்கட வளவிலை முளைச்ச தடி அல்லோ என்று கையைக் கண்ணில் ஒற்றினார்கள். இரண்டு நாள் எனக்கும் அது இனித்தது, ஏன் பொய் சொல்வான். பிறகுதான் டொலறஸைக் கண்டேன்.

டொலறஸ் உனக்குத் தெரியாது, நீ போன பிறகு மன்னாரில் இருந்து வந்தவள். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை, தோர்ன்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேல் அறை. அவளுடைய ஒரே மகன், ஊரில் சண்டை நடந்த நேரம், பத்தொன்பது வயதில் சைக்கிளில் கடைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அவன் பேர் சூசைதாசன். இப்போது விளங்கும்தானே. துளிர்த்தது சூசையப்பருக்குப் பின்னால் நின்ற தடி, ஆகவே அது டொலறஸின் மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அடையாளம் என்று சனம் முடிவு கட்டிவிட்டது. சூசைதாசனுக்காக என்று செபமாலை சொன்னார்கள். டொலறஸ் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நேரே வந்து அந்த முன்வாங்கில் இருந்தாள். ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டிருக்க அந்த இலையை ஒரு விரலால் தொட்டாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அது என் மரம், அது ஏன் துளிர்த்தது என்று எனக்குத் தெரியும். மண்ணும் தண்ணீரும் சூடும் கிடைத்தால் அந்தத் தடி ஆருக்குப் பின்னால் வைத்தாலும் துளிர்க்கும்.

சுவாமி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர், நான் சொன்னால் இங்கிலீசில் சொல்லுவேன், அது அவர்கள் மனதில் போய்ச் சேராது, ஞாயிறு பூசையில் நீ தமிழில் சொல்வாயா என்று கேட்டார். வீட்டில் அப்பா, வேண்டாம் எமில்டா, சனம் எத்தினை வருசத்துக்குப் பிறகு சந்தோசமாய் இருக்குது, நீ ஏன் போய் அதிலை மண் போடுறாய் என்றார். நான் அவருக்கு, மண்ணைப் போட்டதே நீங்கள்தானே என்றேன். வாய்க்கு வாய் சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் நித்திரை இல்லை. சொல்லாமல் விட்டால், கலைத்த பிறகு அந்தத் தடி வாடினால், டொலறஸ் என்ன நினைப்பாள். சொன்னால், அவள் கையில் இருக்கிற ஒன்றையும் நானே பறித்த மாதிரி. எப்படியோ, ஊருக்குச் சொல்ல முதல் அவளுக்குத்தான் சொல்லவேண்டும் என்று ஒரு டப்பாவில் முறுக்கும் போட்டுக்கொண்டு போனேன்.

தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நான் சுற்றி வளைத்து வெப்பக் குழாய், வாழைப்பழப் பெட்டி என்று தொடங்கினேன், அவள் என்னை முடிக்க விடவில்லை. அக்கா, நான் மன்னாரிலை கிளுவை வேலிக்குள்ளை பிறந்து வளந்தவள், தடி துளிர்க்கும் எண்டு எனக்குத் தெரியாதோ, உங்கட மனிசன் செபமாலைமுத்து அண்ணை அதுக்குத் தண்ணி தெளிக்கேக்கையே நான் நினைச்சனான் இது முளைக்கப் போகுது எண்டு என்றாள். பிறகேன் பிள்ளை ஒவ்வொரு நாளும் போய் இருக்கிறாய் என்று கேட்டேன். அவள், நான் இஞ்சை வந்து இவ்வளவு காலம், ஒருத்தரும் என்ர பிள்ளையின்ர பேரை என்ர முகத்துக்கு முன்னாலை சொன்னதில்லை அக்கா, நான் வந்தால் கதையை மாத்திப் போடுவினம், நான் அழுவன் எண்ட பயம், இப்ப கோயில் முழுக்கச் சூசைதாசன், சூசைதாசன் எண்டு கேக்குது, அதைக் கேக்கத்தான் போறனான் என்றாள். அவளைப் பார்த்தால் கதையை மாற்றுகிறவர்களில் நானும் ஒருத்திதான் மகள். நான் சொல்ல வந்ததை விட்டுவிடட்டோ என்று கேட்டேன். இல்லை அக்கா, நீங்கள் சொல்லுங்கோ, பொய்யிலை என்ர பிள்ளையை வைக்க வேண்டாம், ஆனால் பேரை நிப்பாட்ட வேண்டாம் எண்டும் சொல்லிவிடுங்கோ என்றாள். நான் எத்தனையோ பெரிய மனிசரைக் கண்டிருக்கிறேன், படித்த ஆட்களையும் கண்டிருக்கிறேன். இவளைப் போல ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று சொல்வதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஞாயிறு ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன். உன் அம்மா, மண்டபத்தில் சத்தம் போடுகிறவள், முதல் சொல்லை இரண்டு தரம் தொடங்கினேன். தமிழில் சொன்னேன். அது என் வளவுத் தடி, என் மனிசர் கதியால் நட்ட மாதிரி நட்டார், நீங்கள் தண்ணீர் ஊற்றினீர்கள், அது துளிர்த்தது, இது புதுமை இல்லை என்றேன். அருமைநாயகி அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தத் துளிரே கருகியிருக்கும். பிறகு சொன்னேன், டொலறஸ் உங்களிட்டை ஒண்டு கேக்கிறா, மகன்ர பேரைச் சொல்லுறதை நிப்பாட்டாதேங்கோ எண்டு, தடி துளிர்த்தாலும் துளிர்க்காட்டிலும் சொல்லுங்கோ எண்டு. சொல்லிவிட்டு என் வாங்குக்குத் திரும்பினேன். மன்றாட்டு நேரத்தில் டொலறஸ் தானே எழும்பி நடந்து வந்து, என் மகன் சூசைதாசனுக்காக என்றாள். கோயில் முழுக்க ஒரே குரலில் அவன் பேரைத் திருப்பிச் சொன்னது. அதற்குப் பிறகுதான் நடந்தது பார். பின்னால் இருந்து ஒரு மனிசி எழும்பி வந்தார், எத்தனை காலமாகப் பூசைக்கு வருகிறார், மன்றாட்டில் வாய் திறந்ததில்லை, அவர் ஊரில் காணாமல் போன தன் தம்பியின் பேரைச் சொன்னார். அதற்குப் பின்னால் ஒரு கிழவர். பிறகு வரிசையே நின்றது. அருமைநாயகி அக்காவும் எழும்பி வந்தார் பிள்ளை, அவருக்கும் ஒரு மருமகன் இருந்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பூசை அரை மணித்தியாலம் பிந்தியது, சுவாமி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பேருக்கும் அவர்களும் தங்கள் வாயில் வந்த மாதிரிச் சொன்னார்கள்.

மெழுகுதிரித் திருநாளன்று குடிலைக் கலைத்தபோது பெட்டிகளைக் கிளறினால் கனக்கத் தடிகளில் வெள்ளை வேர். ஆளுக்கொன்று கொண்டுபோனார்கள், சுவாமியும் மிஸஸ் ஹாலமும் கூட. குளிரில் உடனே வெளியே வைத்தால் இலை கருகும், யன்னலோரம் வைத்துப் பங்குனி பிறந்த பிறகு மெல்ல மெல்லப் பழக்குங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வற்றிவிட்டது. அப்பா இப்போது நாய்மரம் பற்றிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் தான் வேண்டுமென்றுதான் மண்ணில் நட்டது என்று சொல்லித் திரிகிறார், நான் மறுக்கப் போகவில்லை. வெட்டின அடிமரம் மொட்டையாக நிற்கிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது, வசந்தத்துக்கு வெடிக்கும்.

நீ அங்கே தனிய இருக்கிறாய் என்று எனக்கு யோசனைதான், ஆனால் உன்னைப் பற்றி ஆராவது கேட்டால் நான் யோசனையைச் சொல்வதில்லை, பெருமையைத்தான் சொல்கிறேன். காலைச் சாப்பாட்டை விடாதே. இரவு ஷிப்ட் என்றால் ஆரோடாவது சேர்ந்து வீட்டுக்குப் போ. ஆண்டவரும் மாதாவும் உன் வாசலில் காவல் நிற்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும். அப்பா தன் ஆசீரையும் முத்தத்தையும் போடச் சொன்னார், போட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிற மாதம் பத்தொன்பதாம் திகதி சூசையப்பர் திருநாள், அன்றைக்குத்தான் டொலறஸின் மகன் பிறந்த நாளும். போனபோது பத்தொன்பது, அவள் வருடத்துக்கு வருடம் கூட்டிக்கொண்டே வருகிறாள், இந்த முறை இருபத்துமூன்று என்கிறாள். அன்றைக்கு அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்து மகள். கொளுத்திவிட்டு அவன் பேரைச் சொல்லு, மனதுக்குள் இல்லை, வாய் திறந்து, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
எமில்டா செபமாலைமுத்து